மல்லிகா டாக்டரின் புது மீட்டர்

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மல்லிகா டாக்டரின் கணவர் தணிகாசலம் சார் போனில் அழைத்தார். அவர் அதற்கு முன் என்னை அழைத்ததே இல்லை. "டீச்சரம்மா, மல்லிகா போய்ட்டா" என்றார். நாங்கள் தினமும் காலையில் சேர்ந்து ஓட்டும் சைக்கிளைத்தான் நினைத்தேன். முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்ததால், தனியாகக் கிளம்பிவிட்டார் போல என்று எண்ணி, "எந்தப் பக்கம் சார் போனாங்க?" என்று கேட்டேன். பிறகு, "காலையில காபி குடிச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டா டீச்சரம்மா" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்ட கேள்வி இன்னும் என் வாயில் கசக்கிறது.

கால்நடை மருத்துவர் மல்லிகாவை உங்களில் பலருக்கு வெவ்வேறு விதமாகத் தெரிந்திருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களில் அவர் டாக்டரம்மா. காலையில் கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கு, தலையில் ஹெல்மெட்டும் காலில் ஓட்டப்பந்தயக்காரர்களின் ஷூவுமாகச் சைக்கிளில் கடந்துபோகும் ஐம்பத்தைந்து வயது அம்மாள். எனக்கு, நான் நாற்பதைத் தாண்டிய பிறகு கிடைத்த தோழி.

நாங்கள் சேர்ந்து ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு நாள் அவலூர்பேட்டை சாலையில் போய்க்கொண்டிருந்தோம். நிலக்கடலைக் கொல்லை ஓரத்தில் ஓர் ஆடு ஈன முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. டாக்டர் சைக்கிளை அப்படியே சரித்துப் போட்டுவிட்டு ஓடினார். என்னிடம் இருந்த குடிநீரை வாங்கிக் கையைக் கழுவிக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். ஆட்டுக்காரர் பதறிப்போய், "நீங்க யாரும்மா?" என்றார். "முதல்ல தலைய புடிங்க. யாருன்னு அப்புறம் சொல்றேன்" என்றார் டாக்டர். இரண்டு குட்டிகளும் பிழைத்தன. அந்த மனிதரிடம் கடைசிவரை தான் யார் என்று சொல்லவே இல்லை, சொல்ல மறந்துவிட்டார்.

சர்க்கரை நோய்க்காகத்தான் சைக்கிள் ஓட்ட வந்தார். அவருடைய சைக்கிளில் வெகுகாலமாக ஒரு பழைய மீட்டர் இருந்தது. சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், அதை உணரும் ஒரு முனையிலிருந்து ஹேண்டில்வரை ஓர் ஒயர், அதன் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு திரை. வேகம், தூரம் இரண்டைத்தான் காட்டும். போன வருடத்துக்கு முந்தின வருட மழையில் தண்ணீர் இறங்கி, எண்கள் பாதி பாதியாகத் தெரிய ஆரம்பித்தன. மூன்றா எட்டா என்று இருவரும் சைக்கிளை நிறுத்திக் குனிந்து பார்ப்போம். "ராசியான மீட்டரா இருக்கும், ரிப்பேர் பண்ணிப் பாக்கலாமே" என்றேன். "கறவை நின்ன மாட்டையே வித்துடறோம். இத இன்னாத்துக்கு வச்சி கும்புடறது?" என்றார். பழைய பொருள்கள்மேல் அவருக்கு அப்படி ஒரு பற்று இருந்ததில்லை.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு அப்பால் உள்ள சைக்கிள் கடையில்தான் புது மீட்டரை வாங்கினோம். ஒயரும் இல்லை, காந்தமும் இல்லை. செயற்கைக்கோளைப் பார்த்துத் தானே பாதையை வரைந்துகொள்ளும். மார்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் இதயத் துடிப்பையும் காட்டும். வீட்டுக்கு வந்ததும் போனில் உள்ள செயலிக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடும் என்றார் கடைக்காரர். ஆனால் கொட்டவில்லை. டாக்டரின் போனில் இடமே இல்லை. திறந்து பார்த்தால் அத்தனையும் மாட்டு மடி, மாட்டுக் குளம்பு, சாணி. விவசாயிகள் அனுப்பிய படங்கள். ஒன்றை அழிக்கப் போனேன். "அத தொடாதீங்க டீச்சர், அந்த மடிக்கு இன்னும் மருந்து ஓடுது" என்றார். கடைசியில் உறவினர்கள் அனுப்பிய காலை வணக்கங்களையெல்லாம் அழித்து இடம் பண்ணினோம்.

செயலி பெயரைக் கேட்டது, எடையைக் கேட்டது, பிறகு போனில் உள்ள எண்களைப் பார்க்கலாமா என்று கேட்டது. டாக்டர் எதையும் படிக்காமல் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனார். அடுத்த திரையில், 'உங்களுக்குத் தெரிந்தவர்கள்' என்று ஒரே ஒரு படம் வந்தது. ஹெல்மெட் போட்ட ஓர் இளம்பெண், பின்னால் மலை. டாக்டர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "சௌம்யா" என்றார். "சைக்கிள்லாம் ஓட்றாளா இவ?"

சௌம்யா அவருடைய ஒரே மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கப் போன இடத்தில் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தணிகாசலம் சார், இனி இந்த வீட்டில் அவள் பேச்சு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான்கு வருடமாக வரவில்லை. "அவருக்குப் பயந்துக்குனு நான் சும்மா இருக்கல டீச்சர். முதல் மாசம் பேசல. அப்புறம் எதச் சொல்லி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அப்படியே போயிடுச்சி" என்று அன்றுதான் முதல்முறையாக என்னிடம் சொன்னார். படத்துக்குக் கீழே 'பின்தொடர்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பெத்தவ நான். நான் பின்தொடர்றதா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுத்திவிட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. தினமும் சுற்றி முடித்ததும் டீக்கடை வாசலில் நின்று, மீட்டரில் இருந்து போனுக்கு ஏறும்வரை அந்தச் சுழலும் வட்டத்தைப் பார்ப்பார். ஏறியதும் போனைப் பையில் போட்டுக்கொள்வார். நானும் எதுவும் கேட்பதில்லை. ஒரு நாள் காலை, டீயைக் குடிக்காமல் போனை என் பக்கம் நீட்டினார். முந்தின நாள் பயணத்துக்குக் கீழே ஒரு கட்டைவிரல் சின்னம். அதன் பக்கத்தில் மகளின் பெயர். டாக்டர் டீக்கடைக்காரரிடம், "இன்னைக்கி வடையும் குடுப்பா" என்றார். சர்க்கரை, எண்ணெய், எல்லாவற்றையும் அன்று மறந்தார்.

ஒவ்வொரு பயணத்துக்கும் செயலி தானாக 'காலைச் சவாரி' என்று தலைப்புப் போடும். அதை மாற்ற முடியும் என்று கண்டுபிடித்தது டாக்டர்தான். முதலில், 'செங்கம் ரோடு, நல்ல காத்து' என்று எழுதினார். மறுநாள் மகளின் பயணத்துக்கு, 'சிறுவாணி ரோடு, இங்கயும் காத்து' என்று தலைப்பு வந்தது. அதன் பிறகு இருவரும் அப்படியேதான் பேசிக்கொண்டார்கள். 'கிரிவல ரோடு, அப்பாவுக்கு முட்டி வலி.' 'பேரூர் வரை, வேலை மாத்திட்டேன்.' 'கீழ்பென்னாத்தூர் ரோடு, வேப்பம்பூ ரசம் வெச்சேன்.' போனில் பேசிவிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "பேசினா அழுவோம். அழுதா பழசெல்லாம் வரும். இப்படி இருக்கட்டும்" என்றார். தணிகாசலம் சாருக்கு இது எதுவும் தெரியாது. மனைவி உடம்பைக் கவனித்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மழைக்காலத்தில் மகளின் பயணங்கள் சுருங்கின. தூரம் குறைந்தது, வேகமும் குறைந்தது. டாக்டர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மீன் முள் எடுப்பவரைப் போல அந்த எண்களைப் பார்த்தார். "வேகம் கம்மியாவுது. ஆனா துடிப்பு ஜாஸ்தியாவுது. மேட்டுல இறங்கித் தள்ளிட்டுப் போயிருக்கா" என்றார். பிறகு தலைப்புகள் நின்றன. வெறும் 'காலைச் சவாரி'. பிறகு பயணங்களே நின்றன. ஒரு வாரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அவ மாசமா இருக்கா டீச்சர். வாழ்நாளெல்லாம் இதத்தான பாத்துச் சொல்லினு இருக்கேன். எம்பொண்ணு விஷயத்துல தெரியாமப் போயிடுமா?"

எதற்கும் முதலில் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டர் தலையை ஆட்டினார். "போன் பண்ணா 'ஒண்ணும் இல்லம்மா'ன்னுவா. மாட்டுக்காரங்களும் அதத்தான் சொல்லுவாங்க. 'ஒண்ணும் இல்ல டாக்டரம்மா, லேசா தீனி எடுக்கல.' போய் நின்னாத்தான் தெரியும்."

தேரடித் தெருவில் கண்ணாடி வளையல் வாங்கினார். அதிரசம் சுட்டார். முகவரி இல்லையே என்றேன். "எல்லாக் கோடும் ஒரே தெருவுல ஆரம்பிச்சி ஒரே தெருவுலதான முடியுது" என்று செயலியின் வரைபடத்தைக் காட்டினார். கணவரிடம், "நான் சௌம்யாவப் பாக்கப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலம் வழி கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அந்தத் தெருவின் மளிகைக் கடையில், சைக்கிள் ஓட்டுகிற பெண் வீடு எது என்று விசாரித்து, கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தது சௌம்யா. அன்று சாயங்காலம் டாக்டர் என்னை அழைத்தார். "வாசல்லயே தெரிஞ்சிடுச்சி டீச்சர். கன்னு செத்த மாட்டோட கண்ணு எனக்குத் தெரியாதா? போன வாரமே கலைஞ்சி போயிடுச்சாம்."

அவரே தொடர்ந்தார். பையைக் கதவுக்குப் பின்னால் தள்ளி மறைத்திருக்கிறார். மகள் பார்த்துவிட்டாள். "அது இன்னாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "வளையல்" என்றிருக்கிறார். சௌம்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டியிருக்கிறாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாராம். "ஒண்ணு கூட உடையல டீச்சர்" என்றார். பிறகு, "மாப்பிள்ள காபி போட்டுக் குடுத்தாரு. சக்கர ஜாஸ்தி. எனக்கு சுகர்னு சொல்லல, குடிச்சிட்டேன்" என்றார்.

இரண்டு நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர் மகளுடனேயே தங்கிவிட்டார். இரண்டாவது வாரம் தணிகாசலம் சாரைக் காந்தி நகரில் பார்த்தேன். நான்கு நாள் தாடி. "அங்க சாப்பாடெல்லாம் எப்படியாம்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது சார் என்றேன். அடுத்த நாள் அவரும் பஸ் ஏறிவிட்டார். அங்கே போய், வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "சுகர் மாத்திரைய வீட்லயே விட்டுட்டு வந்துட்டா. அத குடுத்துட்டுப் போலாம்னு" என்றிருக்கிறார். மாத்திரை கோயம்புத்தூரில் கிடைக்காதா என்று யாரும் கேட்கவில்லை. "உள்ள வாங்கப்பா" என்று சௌம்யா சொன்னாளாம். அவர் செருப்பைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டாராம்.

டாக்டர் திரும்பி வந்த பிறகு பல நாள் இதைப் பற்றிப் பேசினோம். "தப்பாக் கணிச்சிட்டேன்" என்பார். "பாதி சரி, மீதி தப்பு. ஆனா சரியாத் தெரிஞ்சிருந்தா நான் போயிருப்பனான்னு தெரியல டீச்சர். இன்னா சொல்லித் தேத்தறதுன்னு யோசிச்சினே இங்கயே உக்காந்திருப்பேன்." கார்த்திகைக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். கூட்டத்தில் சைக்கிள் விட வழியில்லை என்பதால், திருவிழா முடிந்து இரண்டு நாள் கழித்து நாங்கள் மூன்று பெண்களும் மலையைச் சுற்றினோம். டாக்டர்தான் கடைசி. ஒவ்வொரு லிங்கத்தின் பக்கமும் நின்று அவருக்காகக் காத்திருந்தோம். மகளைப் பார்க்கப் போன அன்றிலிருந்து இந்த ஆனிவரை, அவருக்குக் கிடைத்த காலம் அவ்வளவுதான். பேரப்பிள்ளையை அவர் பார்க்கவில்லை.

சாவு வீட்டில் சௌம்யா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருந்து வேன் பிடித்து ஜனங்கள் வந்திருந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு அவருடைய முழுப்பெயர் தெரியவில்லை. தங்கள் மாட்டின் பெயரைச் சொல்லி அழுதார்கள். காரியம் முடிந்த மறுநாள் தணிகாசலம் சார் தன் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அவ எங்கெல்லாம் போனான்னு இதுல பாக்கலாமாமே. சௌம்யா சொல்லிச்சி. எனக்குப் போட்டுக் குடுங்க டீச்சரம்மா" என்றார். போட்டுக் கொடுத்தேன். மாவட்டம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். ஒன்றில் விரலை வைத்து, "இந்த ஊர்ல யாரு இருக்காங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "நானும் அவள ஒருநாளும் கேக்கல" என்றார்.

டாக்டரிடம் இருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எங்கோ யாருக்கோ ஏதோ சரியில்லை என்று பட்டால், இப்போதெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை; கிளம்பிவிடுகிறேன். போன வாரம் எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை சொல்லாமல் கொள்ளாமல் மூன்று நாள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். அவர் முக்காடு போட்டுக்கொண்டு, முகமெல்லாம் தூசியாக, வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். போன் எந்த மூட்டைக்குள் கிடக்கிறதென்றே அவருக்குத் தெரியவில்லை. "எதுக்கு டீச்சர் ஹார்லிக்ஸ்?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு மூட்டையை நகர்த்தி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். உட்கார்ந்தேன்.