கோட் சூட்டோடு மலையேறிய நாள்

போன வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலில் அன்னதானம். சாம்பார் வாளி வந்ததும் என் பக்கத்தில் இருந்தவர் தட்டுக்கு மேலே கையைக் குடைபோலப் பிடித்து, “போதும், போதும்” என்றார். எல்லோரும் சொல்வதுதான். எனக்கு மட்டும் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், இருங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்து, கோப்பை கழுவி, பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்து, ஐந்தாம் வருடம் நோர்பரியில் சொந்தக் கடை திறந்தேன். காலை ஐந்து மணிக்கு ஷட்டர் தூக்காத நாள் கிடையாது. படித்த மனிதர்கள் இன்றைக்கும் என்னிடம்தான் யோசனை கேட்டு வருகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் தம்பி நேசனை, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி, சண்டை நடந்த ஊரிலிருந்து வெளிக்கிடச் சொன்னதும் இதே பெரிய மூளைதான். தொண்ணூற்றிரண்டு மார்கழியில் கடைப் போன் அடித்தது.

“அண்ணை, மொரோக்கோவில நிக்கிறன். ஏஜென்சிக்காரன் விட்டிட்டுப் போட்டான். மராகேஷுக்குக் கிட்ட, மலைக்குள்ள ஒரு மண் வீட்டில இருக்கிறன். கழுதையிலதான் சாமான் வருது. சந்தைக்கு வந்த இடத்தில போன் எடுக்கிறன். சனம் நல்ல சனம், புதினாத் தேத்தண்ணி தருகினம்.”

“ஊருக்கு என்ன பேரடா?” என்று கத்தினேன். லைன் அறுந்துவிட்டது.

அதன்பிறகு பத்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. போன் அடித்தால் பாய்ந்து எடுப்பேன், கடைக்கு ரொட்டி கொண்டுவரும் பாண்காரனாக இருக்கும். கடையில் புதினாக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவன் சொன்ன தேத்தண்ணி ஞாபகம் வரும். அப்படியிருக்க, ஒரு நாள் ட்ராவல் ஏஜென்சிக் கண்ணாடியில் ஒரு படம் பார்த்தேன். மலை, மண் வீடு, கழுதை. மராகேஷில் ஐந்து நாள், அதில் ஒரு நாள் வழிகாட்டியோடு மலைச் சனமான பெர்பர்களின் கிராமங்கள். வாழ்க்கையில் முதல் விடுமுறை, மனைவியோடு போனேன்.

அந்த நாள் காலையில் கோட் சூட் போட்டு, டையும் கட்டினேன்.

“மலையேறப் போறியளோ, கலியாண வீட்டுக்குப் போறியளோ?” என்றாள் மனைவி.

“தம்பி கண்டால் அண்ணை நல்லா இருக்கிறார் எண்டு தெரியவேணும்.”

பஸ் நிறையப் பென்ஷன் எடுத்த வெள்ளைக்காரர்கள். முதல் கிராமத்தில் ஒரு சீமாட்டி என்னைக் கம்பளி விற்பவன் என்று நினைத்து விலை கேட்டார். நான் நேசனின் படத்தோடு வீடு வீடாக ஓடினேன். எல்லோரும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். இரண்டாவது கிராமத்திலும் அதேதான். என் சேறு பிடித்த சப்பாத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். “இன்னும் ஒரு வீடு, இன்னும் ஒரு வீடு” என்று வழிகாட்டி ஹமீதைப் பிடித்துக் கெஞ்சினேன். ஆரிடமும் கெஞ்சாத நான்.

மூன்றாவது கிராமத்தில், டிக்கெட்டோடு சேர்ந்த தேநீர். முகத்தில், உதட்டுக்குக் கீழே நாடியில் பச்சை குத்திய ஒரு அம்மா ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரருக்கெல்லாம் பேசாமல் ஊற்றியவர், என் கிளாஸ் பாதி நிறைந்ததும் கையை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

“போதும்?”

மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் படத்தை நீட்டினேன். அந்த அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் இரண்டு கன்னத்தையும் உள்ளே இழுத்துக் காட்டினார். இவன்தான், ஆனால் இப்படி மெலிந்திருந்தான்.

ஹமீது மொழிபெயர்த்தான். குளிர்காலம் முழுக்க நேசன் அந்த வீட்டில் விறகு சுமந்திருக்கிறான். எதைக் கொடுத்தாலும் பாதியில் கையால் மறித்து அந்தத் தமிழ்ச் சொல்லைச் சொல்வானாம். பனி கரைய, கடல் பக்கம் போய்விட்டான். எந்தக் கடல், எந்த ஊர் என்பது அந்த அம்மாவின் மகனுக்குத்தான் தெரியும். அவன்தான் கொண்டுபோய் விட்டவன். மகன் ஆடுகளோடு மேலே போயிருக்கிறான். பொழுதுபட வருவான்.

பஸ் நாலு மணிக்கு.

“காத்திருக்க முடியாது, இருட்டினால் பாதை இல்லை” என்றான் ஹமீது. வெளியே ஹார்ன் அடித்தது.

“இஞ்சேருங்கோ, நீங்கள் நில்லுங்கோ. நான் போய்க் கடையைப் பாக்கிறன்” என்றாள் மனைவி.

என் கையில் இருந்தது அகதிக்குக் கொடுக்கும் நீலப் புத்தகம். விசா மறுநாளோடு முடிகிறது. பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டால்? கடைப் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி, மகன் வந்ததும் அடிக்கச் சொல்லி அந்த அம்மாவின் கையில் வைத்தேன். கோட்டைக் கழற்றி அதையும் கொடுத்தேன், நேசன் திரும்பி வந்தால் போடட்டும் என்று. பிறகு பஸ்ஸில் ஏறினேன். ஓம், ஏறினேன். மனைவி விமானம் இறங்கும்வரை என்னோடு பேசவில்லை.

போன் அடிக்கவேயில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்ததும் திரும்பப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. மகன் வேலை தேடி எங்கோ போய், தாயையும் கூப்பிட்டுவிட்டானாம். எங்கே என்று ஆருக்கும் தெரியவில்லை.

கடையை விற்றபோதும் அந்த நம்பரை நான் விடவில்லை. ஆனால் லண்டன் நம்பர்களின் முன் இலக்கங்களை இரண்டு தரம் மாற்றிவிட்டார்கள். அந்தத் தாளில் எழுதியபடி இப்போது அடித்தால் எங்கேயும் மணி கேட்காது. அந்த மலையில் ஒரேயொரு தமிழ்ச் சொல் இருந்தது. அந்த அம்மாவோடு அதுவும் போய்விட்டது.