முப்பத்தேழு பென்சில் கோடு

சிவகாமசுந்தரி டீச்சரின் நோட்ஸில் பாடத்துக்கு இரண்டோ மூன்றோ தப்பு இருக்கும். கைதவறி வந்ததல்ல, வேண்டுமென்றே வைத்தது. விருத்தாசலத்தில் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி என்றால் அவள்தான் என்று பேர். அந்தப் பேரை ஜங்ஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன் கூசாமல் விற்றான். அவள் கைப்பட எழுதிய நோட்ஸை அக்கம்பக்கத்து ஊர் டியூஷன்காரர்கள் வாங்கிப்போய்த் தங்கள் சரக்கு மாதிரி நடத்தினார்கள்.

அதற்கு வழி சொன்னவர் அவள் புருஷன் விருத்தகிரி. பீங்கான் யூனிட்டில் அகல் விளக்குக்கு அச்சு செய்கிறவர். "நாங்க அச்சுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம ஒரு வடு வச்சிருவோம். எவனாவது நம்ம வெளக்க வச்சி அச்செடுத்தான்னா அந்த வடுவும் கூடவே போவும். ஆளு மாட்டிக்குவான்" என்றார். அன்றிலிருந்து அவளும் வடு வைத்தாள். வகுப்பில் அந்த இடம் வரும்போது, "பென்சில எடுங்க, அந்த விடைய அடிங்க" என்று சரியானதைச் சொல்வாள். எழுத்தில் எங்கும் கிடையாது, வாய்மொழிதான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அதை வெளியே விடவில்லை.

அவள் வேலை பார்த்த பள்ளியின் கரெஸ்பாண்டன்ட் அன்புச்செல்வன், "லீவு போட்ட புள்ளைங்க கேட்டுக்கட்டும் டீச்சர்" என்று சொல்லி மூன்று நாள் அவளைப் பாடப்புத்தகம் வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். லைப்ரரிக்கு என்று நோட்ஸையும் வாங்கிக்கொண்டார். மே மாசக் கடைசியில் கூப்பிட்டு, "ஜூன்ல இருந்து நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை, பாவி மனுஷன்.

ஏன் என்பது ஜூனில் தெரிந்தது. எதிர்வீட்டுச் சுபாஷினி பிளஸ் டூவுக்கு வந்திருந்தாள். அவள் போனிலிருந்து, "கண்ணுங்களா, இங்க பாருங்க" என்று சிவகாமசுந்தரியின் குரல் பேசியது. அதே இழுப்பு, அதே அதட்டல். செயற்கை நுண்ணறிவு டீச்சராம். வகுப்பில் பெரிய திரையில் பாடம் எடுக்கும், வீட்டில் போனில் சந்தேகம் தீர்க்கும். கண்டதையும் உளறாமலிருக்க, டீச்சரின் நோட்ஸைத் தாண்டி ஒரு சொல் பேசாதபடி கட்டிப்போட்டிருக்கிறார்களாம். வயிறெரிந்து கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தேழு வடுவும் உள்ளே போயிருக்கிறது!

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். சிவகாமசுந்தரிக்குப் பூமி வேண்டாம், அன்புச்செல்வனின் மூக்கு அறுபட்டால் போதும். மார்ச்சில் பொதுத்தேர்வு வரட்டும். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பஸ் ஸ்டாண்டு எதிரில் வருஷா வருஷம் ஃப்ளெக்ஸ் வைக்கிறாரே, இந்த வருஷம் என்ன போடுகிறார் பார்க்கலாம் என்று நாளை எண்ணினாள்.

"சரி, புள்ளைங்க என்னா பண்ணுச்சுங்க?" என்று விருத்தகிரி ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். அவள் அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள். உண்மையைச் சொன்னால், பிள்ளைகளைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து சுபாஷினி விடைத்தாளோடு வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய, அரைவாழ் காலத்தைப் போல எத்தனை மடங்கு ஆகும் என்பது கேள்வி. பத்து மடங்கு. நோட்ஸில் ஏழு என்று இருந்தது. நாற்பது பிள்ளைகளும் ஏழு என்றே எழுதியிருந்தார்கள். தாள் திருத்திய வெளிப்பள்ளிக்காரர், காப்பி அடித்திருக்கிறார்கள் என்று எழுதி அனுப்பிவிட்டார். பள்ளியிலும் பிள்ளைகளுக்குத்தான் திட்டு. திரை தப்பு சொல்லும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நீங்க சொன்னதத்தான் டீச்சர் எழுதுனேன். நீங்க போயி தப்பா சொல்லுவீங்களா?" என்றாள் சுபாஷினி.

சுருக்கென்று தைத்தது. இரக்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது ரோஷம். எவனுக்கோ வைத்த கண்ணியில் அவள் பெயரல்லவா விழுந்து கிடக்கிறது? நாற்பது வீட்டில் அவள் குரல் தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டு அழுகிறது ஒரு பிள்ளை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஞாயித்துக்கெழம எல்லாரையும் நம்ம வூட்டுக்குக் கூட்டியா. ஆளுக்கு ஒரு பென்சில் எடுத்துட்டு வாங்க."

நாற்பது பேரும் வந்தார்கள். வடு வைத்த கதையைச் சொல்லி, "என் தப்புதான் கண்ணுங்களா" என்றாள். பிறகு முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அடிக்கவைத்தாள். "இந்தத் தப்பு எங்க கண்ணுல பட்டாலும் அடிச்சிருங்க. ஸ்கூல்ல மட்டும் மூச்சு விடக்கூடாது" என்றாள். பழியை அவள் விட்டுவிடவில்லை. பிள்ளைகளை அதற்குள்ளிருந்து வெளியே எடுத்தாள், அவ்வளவுதான்.

தை மாசம் பள்ளியில் விழா. இந்தத் திரை டீச்சரைத் தங்கள் பள்ளிக்கும் வாங்கலாமா என்று பார்க்கக் கடலூர், ஸ்ரீமுஷ்ணம் பள்ளிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஏற்பாடு செய்து தரப்போகிறவர் அன்புச்செல்வன். மனுஷனுக்கு நெஞ்சழுத்தம் எவ்வளவு என்றால், சிவகாமசுந்தரியையே கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, "இந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க இவங்கதான்" என்றார். அவள் கும்பிட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அவள் நோட்ஸையே புதிதாக அச்சடித்துப் பிள்ளைகளுக்கு வழவழப்பான தாளில் கொடுத்தார்கள். திரை பாடத்தைத் தொடங்கியது. "அரைவாழ் காலத்தப் போல ஏழு மடங்கு, கண்ணுங்களா" என்று அவள் குரல் சொன்னது. நாற்பது தலை ஒன்றாகக் குனிந்தது. சரக்கென்று நாற்பது பென்சில் கோடு விழுந்தது.

ஸ்ரீமுஷ்ணத்துத் தலைமையாசிரியர் சீதாராமன் எழுந்து வந்து சுபாஷினியின் தாளைப் பார்த்தார். "என்னம்மா அடிச்சீங்க?"

"அது தப்புங்க சார். பத்து மடங்கு."

"யார் சொன்னாங்க?"

"எங்க டீச்சர்."

"டீச்சர்தானே இப்ப பேசறாங்க?"

"அது டீச்சர் இல்லீங்க சார். டீச்சர் அதோ ஒக்காந்திருக்காங்க."

சீதாராமன் தாளின் ஓரத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தார். "இது மாதிரி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். "மொத்தம் முப்பத்தேழுங்க சார்" என்றது பெண். சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வந்தவர்கள் காரில் ஏறினார்கள்.

அன்புச்செல்வன் கேட் வரைக்கும் சிவகாமசுந்தரியின் பின்னாலேயே ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "டீச்சர், அந்த முப்பத்தேழையும் எழுதிக் குடுத்துருங்க. நாளைலேருந்து நீங்களே வந்து க்ளாஸ் எடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னை ஏன் சார் கேக்குறீங்க? அதுகிட்ட கேளுங்க. என் குரல்லயே சொல்லும்" என்றாள் சிவகாமசுந்தரி. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

பொன்னாடையை மறுநாள் விருத்தகிரி அச்சு துடைக்க யூனிட்டுக்கு எடுத்துப்போனார். ஜரிகை குத்துகிறது, துணி சரியில்லை என்று சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.