மூன்று வாரம் அளக்காத விரிசல்

அண்ணனின் வலது கையில் உணர்ச்சி இல்லை. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடுகிறார். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனக்கு அழுகை வருமா என்று பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

கல்லூரியில் எனக்குக் கணக்கு வேலை. உலோகத்துக்குள் இருக்கும் குறை எப்படி நகரும் என்று சமன்பாடு எழுதிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பேன். கல்யாண மண்டபத்தில் பெரிய ஜமக்காளத்தை யாரும் முழுசாக இழுப்பதில்லை. ஓர் ஓரத்தில் மடிப்பு எழுப்பி, அதை மறு ஓரம் வரை தள்ளிக்கொண்டு போவார்கள். இரும்புக்குள்ளும் அணு வரிசை அப்படித்தான் நகர்கிறது. மடிப்புகள் ஓரிடத்தில் நெருக்கியடித்தால் விரிசல் விடும். பிறகு இரும்பின் மேல் விழும் ஒவ்வொரு அடிக்கும் அது துளித்துளியாக வளரும்.

போத்தனூரில் அண்ணனுக்குச் சின்னப் பட்டறை. மோட்டாருக்குத் தகடு வெட்டும் பிரஸ்ஸின் உடம்பில், வெல்டிங் மூலையில், இருபது மில்லிமீட்டருக்கு ஒரு விரிசல் விட்டிருந்தது. புது பிரஸ் தீபாவளி கழித்துத்தான் வரும். "அதுவரைக்கும் ஓட்டலாமான்னு பாத்துச் சொல்லு அம்மணி" என்றார். நாற்பதைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். ஞாயிறுதோறும் லென்ஸ் வைத்து அளப்பேன். அந்த அளவைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அடுத்த வார அளவைச் சொல்லும். இரண்டு மாதம் சொன்னது சொன்னபடி நடந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல மெஷின்களைத் துடைத்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, விபூதியும் குங்குமமும் வைத்தார்கள். அந்த ஞாயிறு லென்ஸோடு போனால் விரிசலைக் காணோம்.

"ஏனுங்ணா, இங்கிருந்த கோடு எங்கீங்?"

"அது மேலயும் பெயிண்ட் அடிச்சுப்போட்டாங்க போல. சாமி கும்பிட்ட மெஷினு, இன்னைக்குச் சுரண்ட வேண்டாங் கண்ணு. உன்ற கணக்குத்தான் கரெக்டா வருதல்லோ?"

குங்குமத்தின் மேல் பிளேடு வைக்க எனக்கும் கை கூசியது. அதைவிட, என் கணக்கின் மேல் எனக்கிருந்த திமிர் பெரிது. கம்ப்யூட்டர் சொல்லியிருந்த விடையையே அந்த வார அளவென்று போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். அதற்கடுத்த வாரமும். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று சமர்த்தாக வந்தது. தீபாவளிக்குச் சில நாள்தான் பாக்கி. "தாங்குங்ணா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை பிரஸ்ஸின் உடம்பு பிளந்தது. தெறித்த துண்டு அண்ணனின் மணிக்கட்டை நசுக்கியது.

பிறகு உடைந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். வெல்டிங்குக்குள் பழைய காற்றுக்குமிழி ஒன்று இருந்திருக்கிறது. விரிசல் அதை எட்டியதும் ஒரே தாவாகத் தாவி நாற்பதைக் கடந்திருக்கிறது. தாவிய பகுதியில் துரு ஏறியிருந்தது. அப்படியென்றால் அது நடந்து பல நாள் ஆகிவிட்டது. இரண்டு நிமிடம் சுரண்டியிருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

ஆர்.எஸ்.புரம் கிளினிக்கில் டாக்டர் விரல் விரலாக ஊசியால் தொட்டு, "தெரியுதுங்களா?" என்று கேட்கிறார். "இல்லீங்க" என்கிறார் அண்ணன். ஐந்து விரலுக்கும் அதே பதில். பக்கத்தில் நிற்கும் எனக்குள்ளும் எதுவும் தெரிவதில்லை.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம் எல்லாம் அவர் ஒன்றையே சொல்கிறார். "அம்மணி மேல தப்பில்லீங்க. சுரண்ட வேண்டாம்னு நாந்தான் சொல்லிப்போட்டேன்."

அந்த ஒரு நாளைக்குத்தான் நீங்கள் வேண்டாம் என்றீர்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை.