பாஸ்க் பாடமும் மஞ்சள் பேண்டும்

புலம்பெயர்ந்த தமிழர்கள் நிறைய வாழும் ஹோம்புஷ் என்ற வெளிநாட்டுப் புறநகரில், ஒரு ட்யூஷன் சென்டரில் சனிக்கிழமைகளில் பாடம் எடுக்கிறேன். சின்னவர்களுக்கு ஆங்கிலம், பெரியவர்களுக்கு வரலாறு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன், அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

பேண்ட்

சென்டரை நடத்துபவரை எல்லோரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள், யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் மஞ்சள் ரப்பர் பேண்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வகுப்பில தமிழ் கதைக்கிற பிள்ளையின்ர கையில இதைப் போடுங்கோ மிஸ். அந்தப் பிள்ளை, தமிழ் கதைக்கிற வேற ஆளைப் பிடிச்சால் அந்த ஆளுக்கு மாத்தலாம். முடியேக்க ஆரின்ர கையில கிடக்கோ, அந்த ஆள் வகுப்பறையைக் கூட்டவேணும். சும்மா ஒரு கேம்."

அன்று அது தர்ஷியின் கைக்குப் போனது. பத்து வயது, வவுனியாவிலிருந்து புதிதாக வந்தவள், வாய் ஓயாதவள். "மிஸ், உங்கட தமிழ் டிவித் தமிழ் மாதிரிக் கிடக்கு" என்று முதல் நாளே என்னைக் கேலி செய்தவள். அடுத்தடுத்த வாரங்களிலும் அவள்தான் கூட்டினாள். பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

பாஸ்க் பாடம்

அந்தச் சமயம் பெரிய வகுப்பில் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அதில் பாஸ்க் மக்கள் வருகிறார்கள். ஸ்பெயினின் வடக்கிலும் அதை ஒட்டிய பிரான்ஸிலும் வாழ்பவர்கள். அவர்களுடைய கெர்னிகா ஊரைச் சந்தை நாளில் விமானங்கள் குண்டு போட்டு எரித்தன. போரில் வென்ற சர்வாதிகாரி அவர்கள் மொழியைப் பள்ளிகளில் தடை செய்தான். அதற்கு முன்பிருந்தே அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாஸ்க் மொழி பேசிய பிள்ளையிடம் ஒரு மோதிரத்தைக் கொடுப்பார்கள். அடுத்துப் பேசுகிறவனைப் பிடித்து அவனிடம் தள்ளிவிட வேண்டும். கடைசியில் வைத்திருப்பவனுக்கு அடி.

இதைச் சொன்னதும், "நம்ம மஞ்சள் பேண்ட்தானே மிஸ்?" என்று ஒரு மாணவி ஆங்கிலத்தில் கேட்டாள். வகுப்பு சிரித்தது.

நான் சேரிடம் போனேன்.

"சேர், இதே மாதிரிதான் அங்கயும் பண்ணியிருக்காங்க. தர்ஷி பேசறதே இல்ல. நிறுத்திடலாமே?"

"அங்க அரசாங்கம் செய்தது. இஞ்ச தாய் தகப்பன் கேட்டு நான் செய்யிறன். ரெண்டும் ஒண்டோ மிஸ்?"

கார் பார்க்

தாய் கேட்டால் சேர் நிறுத்துவார் என்று நம்பினேன். தர்ஷியின் அம்மா நார்த்மீட் என்ற இன்னொரு புறநகரிலிருந்து காரில் வந்து அவளைக் கூட்டிப்போவார். அவரிடம் பேண்ட் கதையைச் சொன்னேன்.

"ஓம் மிஸ், சேர் சொன்னவர். நல்ல வேலை. வீட்டுக்கும் ஒண்டு வாங்குவமோ எண்டு யோசிக்கிறன்."

"வீட்லயும் தமிழ் பேசலேன்னா எப்படிங்க?"

"தமிழ் எங்க ஓடப்போகுது? நாங்கள் இங்கிலீஷ் இல்லாமல் பட்டது காணும். இவளும் படவேணுமே?"

என் அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பார்.

தர்ஷி

அடுத்த வாரம் சிறுமி ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். பயந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். தர்ஷி எழுந்துபோய் அவள் அருகில் அமர்ந்தாள். பேண்ட் இன்னும் தர்ஷியின் கையில்தான் இருந்தது. குனிந்து, என் காதுக்கும் எட்டாத அளவு மெல்ல எதையோ கேட்டாள். புதியவளின் முகம் மலர்ந்தது.

"ஓம், எனக்குத் தண்ணி வேணும்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

தர்ஷி பேண்டைக் கழற்றி அவள் கையில் மாட்டினாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று கேட்டுவிட்டேன், தமிழில்.

தர்ஷி சிரித்தாள். அவள் சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. "மிஸ், யூ டூ" என்று சொல்லி, புதியவளின் கையிலிருந்து பேண்டை உருவி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அன்று வகுப்பை நான் கூட்டினேன். பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. மறு வாரம் பேண்ட் மறுபடி அவர்களிடமே போனது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும். ஒரு தடையைக் கண்டால், அது யாருடைய ஆசை என்று முதலில் விசாரியுங்கள். பாஸ்க் பெற்றோர் வீடுகளில் ஒளித்துப் பள்ளி நடத்தினார்கள். சர்வாதிகாரி செத்தபின் அவர்கள் மொழி வகுப்புக்குத் திரும்பியது. பெற்றோரே விரும்பிக் கேட்கும் தடை யார் செத்தால் போகும் என்று எனக்குத் தெரியவில்லை.