நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு பட்டியலைச் சரிபார்த்தது. சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில். அவள் படித்தாள், நான் மடிக்கணினியில் குறித்தேன். மொத்தம் அறுபத்தொரு வரிகள். பாதி தாண்டியதும், "காபி ஆறிப்போச்சு, சூடு பண்ணிக் கொண்டு வாடி" என்றாள். கொண்டுவந்தேன். அதையும் ஆறவிட்டாள்.

அது அவள் வேலை பார்த்த மருத்துவமனையின் பட்டியல். அங்கே நானூறு சொச்சம் கணினிகளும் கருவிகளும் இருந்தன. எது, எப்போது, எந்த முகவரிக்கு, எவ்வளவு தகவல் அனுப்புகிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது அம்மாவின் வேலை. சந்தேகமாக ஏதாவது நடந்தால் சிவப்பில் எச்சரிக்கை வரும். சந்தேகமில்லாதவற்றுக்கும் வரும். அதனால், 'இதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்' என்று மென்பொருளிடம் சொல்லிவைக்க ஒரு பட்டியல் உண்டு. அதைத்தான் நாங்கள் படித்தோம். ஒவ்வொரு வரிக்கும் அம்மா ஒரே கேள்வி கேட்டாள்: "இதை ஏன் வாயை மூடச் சொன்னோம்?" பதில் தெரியாத வரிகளை அழித்தோம். பதினான்கு போயின.

அம்மா கணினி படித்தவள் இல்லை. அதே மருத்துவமனையில் பத்தொன்பது வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தாள். இணைப்பகத்தை மூடியதும், அவளை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் கணினிப் பிரிவின் மூலையில் ஒரு நாற்காலி போட்டார்கள். "சிவப்பு வந்தா எங்களைக் கூப்பிடுங்க" என்றார்கள். பயிற்சி அவ்வளவுதான். இரண்டு வருடத்தில், சிவப்பு வருவதற்கு முன்பே கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு கருவி புதிய முகவரியோடு பேசினால் அம்மா எழுந்து அந்த அறைக்கே நடந்து போவாள். அங்கே இருப்பவரிடம், "இப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்பாள். பதிலை நோட்டில் எழுதுவாள். கருவிகளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தாள். பகலெல்லாம் சும்மா கிடந்துவிட்டு இருட்டியதும் மலைமலையாகப் படங்களை அனுப்பும் எக்ஸ்ரே சேமிப்பான், கும்பகர்ணன். மை தீர்ந்த கதையை ஊரெல்லாம் சொல்லும் அச்சுப்பொறி, ஓட்டவாய். பிரிவில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. "அக்கா, ஓட்டவாய் காலையிலேர்ந்து கப்சிப்னு இருக்கு. உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்களாம்.

நானும் இதே துறைதான், வேறு நிறுவனத்தில். நான் சராசரி, விலகல் என்று பேசுவேன். அவள் ஆட்களை வைத்துப் பேசுவாள். "சொல்லி வச்ச மாதிரி தினம் அதே நேரத்துக்குக் கூப்பிடறது ரெண்டே பேருதாண்டி. ஒண்ணு மிஷின். இன்னொண்ணு என் மாமியார்."

போன வருடம் ஸ்கேனர்களால் அவளுக்குத் தலைவலி. காகிதங்களைப் படமெடுக்கும் சாதாரண ஸ்கேனர்கள்தான். அவை இணைந்த பதினெட்டுக் கணினிகளும், நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை, தயாரித்த நிறுவனத்தைக் கூப்பிட்டு, புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் சிவப்பு. அம்மா ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி, அது கூப்பிடும் முகவரியோடு எழுதிக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன்.

"பதினெட்டு வரியா? ஒண்ணு போதும்மா. ஸ்கேனர் மென்பொருள்னு பேரு சொன்னா விட்டுடுன்னு எழுதிடு."

"எங்க போகுதுன்னு பாக்க வேண்டாமா?"

"எங்க போயிடப் போகுது?"

நானே தட்டினேன். அவள் பெயரில் சேமித்தோம்.

ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு நோயாளியின் மகன் மருத்துவமனைக்கு வந்து சத்தம் போட்டார். யாரோ அவரைக் கூப்பிட்டு, அப்பாவின் நோயைப் பெயர் சொல்லி, மருந்து விற்கப் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் நேராகப் பதிவறைக் கணினியைத் திறந்தார்கள். அங்கிருந்து தெரியாத முகவரி ஒன்றுக்கு நோயாளிகளின் விவரங்கள் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் பதிவறை எழுத்தரின் கடவுச்சொல்லில். அந்தப் பெண் அம்மாவோடு மதியம் சாப்பிடுபவர், அம்மாவை அக்கா என்பவர். அன்றே அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். காவலாளி வாசல்வரை கூடவே போனார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

அம்மா அந்தக் கணினியின் மூன்று மாதக் கணக்கை அச்சடித்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தாள்.

"இதுக்குப் பசிக்கவே மாட்டேங்குது பாரு" என்றாள்.

நாற்பது நிமிடம். சில சமயம் முப்பத்தொன்பது, சில சமயம் நாற்பத்தொன்று. மதியம் ஒன்றிலிருந்து ஒன்றேமுக்கால் வரை எழுத்தர் அம்மாவோடுதான் இருப்பார். அப்போதும் போயிருந்தது.

"ஏதாவது நிரலை ஓடவிட்டுட்டுச் சாப்பிட வந்திருக்கலாம்மா" என்றேன்.

"இருக்கலாம். ஆனா என் திரை ஏன் என்கிட்ட சொல்லல?"

எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் மதியம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

"அந்த ஸ்கேனர் வரியை எடுத்துட்டேன்."

"சரி."

"பதிவறை மட்டும் இல்லடி. மருந்தகம், பிரசவப் பிரிவு. மூணும் அதே முகவரிக்குப் போகுது. ஸ்கேனர்னு பேரு சொல்லிக்கிட்டே போகுது."

எழுத்தர் அந்த இரண்டு இடங்களுக்கும் போனதே இல்லை. அம்மாவின் நோட்டில் ஒரு தேதி இருந்தது: ஸ்கேனர் பழுது பார்ப்பவர் வந்து மூன்று இடங்களிலும் பென் டிரைவைச் செருகிய நாள். மூன்று கணினிகளும் அன்று மதியம்தான் முதன்முதலாக அந்த முகவரியைக் கூப்பிட்டிருந்தன. யார் கணினியைத் திறந்தாலும் அவர் கடவுச்சொல்லிலேயே வேலை பார்க்கும் ஒரு திருட்டு மென்பொருளை, தனக்கே தெரியாமல் அதில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

"மூணையும் காட்டு, போதும்" என்றேன். "வரியைப் பத்திப் பேசாத."

"இத்தனை நாள் ஏன் தெரியலன்னு கேப்பாங்கல்ல?"

"கேட்டா பாத்துக்கலாம்."

"கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்."

"அப்போ எழுதினது நான்னு சொல்லும்மா."

"உன்னை யாருடி அங்க வேலைக்கு வச்சாங்க? என் பேர்ல இருக்கு, என் வரி."

வைத்துவிட்டாள். நிர்வாக அதிகாரியிடம் நேரே போய், "நான்தான் சார் இதை மூடி வச்சேன். அதனாலதான் மூணு மாசம் யாருக்கும் தெரியல" என்றிருக்கிறாள். அவர் நல்ல மனிதர். "இதை நீங்க சொல்லியிருக்கவே வேண்டாமேம்மா" என்றாராம். பிறகு கோப்பில் வைக்க ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பட்டியல் முழுவதையும் சரிபார்க்கச் சொன்னார். எழுத்தருக்கும் ஒரு கடிதம் போயிற்று: தங்கள்மீது தவறில்லை, பணிக்குத் திரும்பலாம். இரண்டே வரி. காரணம் எதுவும் எழுதவில்லை.

அவர் திரும்பவில்லை. அம்மா தொலைபேசியில் கூப்பிட்டபோது, "அந்த வாசல்ல நுழையவே கூசுதுக்கா" என்றிருக்கிறார்.

சனிக்கிழமை, அறுபத்தோராவது வரி முடிந்ததும் அம்மா நோட்டை மூடினாள்.

"புதன்கிழமை லீவு போட்டிருக்கேன். அவ வீட்டுக்குப் போகணும்."

"போன்லயே சொல்லலாமே."

"மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். பதினோரு நாள் வீட்டுக்குள்ளயே கிடந்திருக்கா. அந்த வரி இல்லேன்னா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். அவ பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க."

"நானும் வர்றேன்."

"வேண்டாம். நீ இருந்தா அவ என்னைத் திட்ட மாட்டா. திட்டணும்ல?"

செவ்வாய்க்கிழமை காலை குளியலறையில் விழுந்தாள். மாரடைப்பு. அவள் வேலை பார்த்த இடத்துக்கே கொண்டுபோனோம். ஒன்பது இருபதுக்குச் சொன்னார்கள்.

எழுத்தர் வந்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் என்னைத் திருடின்னு பாத்தாங்கம்மா. உங்கம்மா ஒருத்திதான் என் பக்கம் நின்னாங்க" என்று அழுதார். நான் தலையாட்டினேன். வீடு நிறைய ஆட்கள். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் போனபின், நான் சொல்லாததற்கு ஆட்கள் காரணமே இல்லை என்று தெரிந்தது.

போன வாரம் அம்மாவுடைய சாமான்களைக் கணினிப் பிரிவிலிருந்து கொடுத்தனுப்பினார்கள். தண்ணீர்ப் புட்டி, சால்வை, ஏழு நோட்டுகள். கடைசி நோட்டுக்குள் விடுப்பு விண்ணப்பத்தின் நகல் இருந்தது. காரணம் என்ற இடத்தில் எல்லோரும் 'சொந்த வேலை' என்றுதான் எழுதுவார்கள். அம்மா எழுதியிருந்தது: 'பதிவறை எழுத்தரிடம் என் தவறைச் சொல்லி, கையோடு வேலைக்கு அழைத்து வர.' கீழே பேருந்து எண்ணும் இறங்க வேண்டிய நிறுத்தமும் பென்சிலில்.

அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு நாள் விடுப்பு, அனுமதி.