இணைப்பில்லாத மைக்

வலது கால் பெருவிரல் நகம் எப்போதுமே முரண்டு பிடிக்கும். பாதத்தை வெந்நீரில் ஊறவைத்து, மடியில் ஏற்றி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டிருந்தாள் ஆயா. பாதத்துக்குச் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற அதிகாரி போனில் யாரையோ வேலையை விட்டு நீக்கிக்கொண்டிருந்தார். அந்தப் போனுக்கு இணைப்பு கிடையாது. ஆபீசுக்குப் போகிறேன் என்று தினமும் வாசல் கதவை உடைக்கப் பார்த்தவருக்கு, முதியோர் இல்லத்தின் பழைய சாமான் அறையிலிருந்து அதைத் தேடிக் கொடுத்தவளே அவள்தான். அன்றிலிருந்து கதவும் பிழைத்தது, அவரும் வேளைக்குச் சாப்பிடுகிறார்.

காது மந்தமானவர்களிடம் "வாயைத் திறங்க, மாத்திரை" என்று வருஷக்கணக்கில் கத்திக் கத்தி அவள் தொண்டை தகரமாகியிருந்தது. அந்தத் தொண்டையோடுதான் சர்ச்சில் ஞாயிறு பூசைக்கும் போவாள். தூணோர பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு தொடங்கியதும் பிடித்துக்கொள்வாள். சுருதி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். பாடகர் குழு அவளுக்கு வைத்த பெயர் சைரன். அந்தக் குழுவின் முதல் குரல் அவளுடைய நாத்தனார்.

நகம் பாதி வெட்டியிருக்கும்போதே நாத்தனார் வந்து நின்றாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இந்த ஞாயிறு மறைமாவட்ட ஆயர் வர்றார். அன்னைக்கு மட்டும் வாயை மூடிட்டு இருப்பீங்களான்னு பாட்டு மாஸ்டர் கேக்கச் சொன்னார்."

"அவருக்கு வாயில்லையா, உன்னை அனுப்பியிருக்கார்?"

"நாலு குரல்ல பாட்டு போட்டிருக்கோம் அண்ணி."

"அஞ்சாவதா நான் இருந்துட்டுப் போறேன். வாரம் பூரா காது கேக்காதவங்ககிட்ட கத்துறேன். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் காது கேக்குறவர் ஒருத்தர்கிட்ட கத்துறேன். அதையும் பிடுங்கினா நான் எங்க போறது?"

மாஸ்டர் விவரமானவர். குழு பாடினால் வழிபாடு, ஜனங்கள் பாடினால் இரைச்சல் என்பது அவர் கணக்கு. பங்குத்தந்தையோ, எல்லாரும் பாட வேண்டும் என்று பிரசங்கம் வைத்துவிட்டு, யாருக்கும் எட்டாத மெட்டுக்குத் தலையாட்டுபவர். இருவரும் கூடிப் பேசி, அவளைக் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார்கள். தனி நாற்காலி, தனி மைக்.

"மைக்ல பாடுறவங்க முணுமுணுத்தா போதும்கா. மிச்சத்தை அது பாத்துக்கும்" என்றார் மாஸ்டர், தேனொழுக.

ஞாயிறன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் கண் வயரைத் தொடர்ந்து போனது. கீபோர்டு மேசைத் துணிக்கு அடியில் அது சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைக்கப்பட்டிருந்தது. எதிலும் செருகவில்லை. பெரியவரின் போன் நினைவுக்கு வந்தது. முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றெரிச்சல் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தது. சரி, முணுமுணுக்கச் சொன்னால் முணுமுணுப்போம் என்று இருந்துவிட்டாள்.

வருகைப் பாடல் நாலு குரலில் நன்றாகவே வந்தது. ஆயர் கண்ணை மூடிக் கேட்டார். அடுத்துப் பதிலுரைப் பாடல். நாத்தனார் ஒரு வரி பாட, சபை அதைத் திருப்பிப் பாட வேண்டும். நாத்தனார் பாடினாள். சபை அவளைப் பார்த்தது. யாரோ இருமினார்கள்.

மாஸ்டர் சபையைப் பார்த்துத் திரும்பி, கிணற்றில் விழுந்தவர் மாதிரி இரண்டு கையையும் வீசினார். நாத்தனார் இன்னொரு முறை பாடினாள். தூணோரத்துத் தையல்காரர் வாயைத் திறந்தார். தன் குரல் தன் காதிலேயே விழவும் பதறி மூடிக்கொண்டார். ஆயர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பாடுங்கக்கா" என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாடிட்டுதான் இருக்கேன் மாஸ்டர். மிச்சத்தை மைக் பாத்துக்கும்னீங்களே."

மாஸ்டருக்கு நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. "மைக்கை விடுங்க. சும்மா பாடுங்க. எப்பவும் போல."

எழுந்து நின்று பாடினாள். எப்பவும் போல. அந்தச் சத்தத்தின் மறைவில் தையல்காரர் நுழைந்தார், அவர் மனைவி நுழைந்தாள், பிறகு பின்வரிசைகள் மொத்தமும். கீபோர்டுக்காரர் சுருதியைத் தேடிக் கட்டை கட்டையாக ஓடிப்பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். ஆயரும் பாடினார். அவருக்கும் சுருதி சேராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூசை முடிந்ததும் ஆயர் பங்குத்தந்தையிடம், "உங்க ஜனங்க நல்லா பாடுறாங்க. குழுதான் கொஞ்சம் கூச்சப்படுது" என்றார். மாஸ்டர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வாசலில் தையல்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க பாடினா நாங்க பாடுறது யாருக்கும் கேக்காது. அந்தத் தைரியத்துலதான் நாங்கல்லாம் வாயைத் திறக்கிறதே." பாராட்டா திட்டா என்று அவள் ஆராயவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பங்குத்தந்தை தொண்டையைச் செருமினார். "அடுத்த வாரத்துலருந்து உங்க தூணோரத்துக்கே போயிடுங்கம்மா."

"போறேன் ஃபாதர். அந்த மைக்கை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க."

"அது வேலை செய்யாதேம்மா."

"தெரியும் ஃபாதர்."

மறுநாள் காலை அதைப் பெரியவரின் மேசையில், போனுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் போனைத் தள்ளி வைத்துவிட்டு, மைக்கை விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

"கேக்குதா?"

"நல்லா கேக்குது சார்" என்று கத்திச் சொல்லிவிட்டு, நாத்தனார் வந்து கெடுத்ததில் விட்டுப்போயிருந்த இடது காலை எடுத்து வெந்நீரில் இறக்கினாள்.