உள்ளே ஒருவர்

'கிழவன் அளக்கிறான்' என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். இட்டுக்கட்டிச் சொல்கிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை. அஞ்சாம் வகுப்போடு சரி. நடந்தது நடந்தபடி சொல்கிறேன். என் உடம்பில் பட்டது இது.

எனக்கு ஏசி ரிப்பேர் தொழில். அறுபதைத் தாண்டியவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சும்மா வீட்டில் கிடந்தேன். என் மனைவியின் தங்கை புருஷன், என் சகலை, தான் சூப்பர்வைசராக இருக்கும் இடத்தில் என்னைச் சேர்த்துவிட்டான். நான் யாரையும் லேசில் நம்ப மாட்டேன். கடைக்காரன் கொடுத்த சில்லறையைக்கூட தட்டிப் பார்ப்பவன். ஆனால் அவனை நம்பினேன். அதற்குக் காரணம் என் மச்சினன் சாவு.

மச்சினன் என்றால் அந்த அக்கா தங்கைக்கு ஒரே தம்பி. நல்ல குண்டு. நாலு படி ஏறினால் 'ஹீ... ஹீ...' என்று இரைக்கும். 'பஸ் வருது, ஒதுங்குங்க' என்று கேலி செய்வோம். அவனும் சிரித்துக்கொண்டே இரைப்பான். மூன்று வருஷத்துக்கு முன் ரோட்டில் நடந்து போகும்போது விழுந்து செத்துப்போனான் என்று தகவல் வந்தது. அவனும் என்னிடம் ஏசி வேலை பழகியவன்தான், ஆனால் நாங்கள் அப்போது வேறு ஊரில் இருந்தோம், அவன் எங்கே வேலை பார்த்தான் என்றுகூடத் தெரியாது. சகலைதான் எல்லாம் பார்த்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த அழுகையை நம்பினேன்.

வேலைக்குச் சேர்ந்த இடம் நட்சத்திர ஆராய்ச்சி செய்கிற இடம். டெலஸ்கோப் இங்கே கிடையாது. அது பூமிக்கு வெளியே, அந்தரத்தில் இருக்கிறது. அது பார்த்ததெல்லாம் கீழே ஒரு கம்ப்யூட்டர் அறைக்கு வந்து சேரும். ஆள் உயர அலமாரிகள் வரிசையாக நிற்கும். முகப்பில் மிளகு மிளகாகப் பச்சை விளக்குகள். ஜன்னல் கிடையாது. உள்ளே போய்விட்டால் பகலும் ஒன்றுதான், ராத்திரியும் ஒன்றுதான். அந்த மெஷின்கள் சூடாகாமல் பார்ப்பது என் வேலை.

அங்கே ஒரு பெண்ணை எல்லோரும் டாக்டர் என்றார்கள். முதல் நாளே முட்டிவலியைச் சொன்னேன்.

"நான் நட்சத்திரத்துக்கு மட்டும்தான் டாக்டர், பெரியவரே."

"அதுக்கு என்ன வியாதி?"

"அப்பப்ப மங்கும்."

பிறகு விளக்கினாள். தூரத்து நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் துளி குறையுமாம். அதை வைத்துத்தான் பிடிப்பார்களாம்.

"டெலஸ்கோப்பே கண்ண சிமிட்டியிருந்தா?" என்றேன்.

"அதான் ஒரு தடவைக்கு நம்ப மாட்டோம். மூணு தடவை, ஒரே இடைவெளியில மங்கணும். அப்பத்தான் அங்க ஒண்ணு இருக்குன்னு சொல்லுவோம்."

என்னைப் போல சந்தேகப் பிராணி. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அந்த அறைக்குள் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். போனை வெளியே தட்டில் வைத்துவிட வேண்டும். கார்டு காட்டினால்தான் கதவு திறக்கும், உள்ளே வரவும் சரி, வெளியே போகவும் சரி. கதவுக்கு மேல் உள்பக்கமும் வெளிப்பக்கமும் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு. உள்ளே எத்தனை பேர் என்று காட்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், மெஷின் கெட்டுவிடும். மூச்சுக்காற்றை விரட்டுகிற கேஸ் ஒன்று தானாகத் திறந்துகொள்ளும்.

"ஆள் இருந்தா?" என்று சகலையிடம் கேட்டிருந்தேன்.

"போர்டுல சைபர் காட்டினாத்தான் கேஸ் வரும் சகலை. பயப்படாதீங்க."

அன்றைக்கு விடுமுறை. சாயங்காலம் 5.40. ஒரு ஏசி மோட்டார் முனகுகிறது என்று நானும் சகலையும் போனோம். உள்ளே: 2.

நான் மூடியைக் கழற்றி உட்கார்ந்ததும் சகலை நெளிந்தான்.

"நீங்க பாத்துக்கிட்டிருங்க, நான் டீ வாங்கிட்டு வந்துடறேன். உங்க கார்டையும் குடுங்க."

"என் கார்டு எதுக்குய்யா?"

"ஒரு கார்டு மட்டும் வெளிய போனா ஆபீசுக்குத் தகவல் போயிடும். ரெண்டும் சேர்ந்து போனா எவனும் கேக்க மாட்டான். அஞ்சே நிமிஷம் சகலை."

கொடுத்தேன்.

டிக்... டிக்... இரண்டு கார்டும் தேய்த்தான். கதவு மூடியது. போர்டைப் பார்த்தேன். உள்ளே: 1. சரிதான், நான் ஒருத்தன்தானே இருக்கிறேன் என்று குனிந்து வேலையைப் பார்த்தேன்.

6.15. டீ வரவில்லை. அவனும் வரவில்லை.

மோட்டாரிலிருந்து எரிகிற வாடை வந்தது. கை வைப்பதற்குள் குப்பென்று புகை. டப். கரண்ட் போனது.

கும்மிருட்டு. பேட்டரியில் ஓடும் மெஷின்களின் பச்சைப் புள்ளிகள் மட்டும். கதவுக்கு மேலே சிவப்பில் அந்த 1.

வீ... வீ... என்று சைரன்.

தடவிக்கொண்டே போய்க் கதவைத் தட்டினேன். உதைத்தேன். யாருமில்லை.

திரும்பிப் பார்த்தேன். கடைசி அலமாரியில் ஒரு பச்சைப் புள்ளி மங்கியது. அணையவில்லை. மங்கியது. பிறகு தெளிந்தது. உடனே பக்கத்துப் புள்ளி மங்கியது. அதற்கடுத்தது... அதற்கடுத்தது...

வரிசைக்குக் குறுக்கே ஏதோ போகிறது.

புகை என்று சொல்லிக்கொண்டேன். புகை இப்படி நடக்காது.

சற்று நேரம் ஒன்றுமில்லை.

மறுபடி. இப்போது நடு வரிசையில். அதே வேகம்.

என் கண்தான் சிமிட்டுகிறது... கண்தான்...

அதே இடைவெளி.

மறுபடி. என் முன்னால் இருந்த அலமாரியில்.

மூன்று.

சைரனுக்கு நடுவே ஒரு சத்தம். ஹீ... ஹீ...

படி ஏறி வந்தவன் மாதிரி.

ஹீ... ஹீ...

எனக்குத் தெரிந்த இரைப்பு.

கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

ஹீ...

காதோரம்.

நிமிர்ந்தேன்.

போர்டின் 1 மங்கியது...

அதன் முன்னால் யாரோ நின்றார்கள்.

கதவு திறந்தது. டாக்டர். டெலஸ்கோப்பிலிருந்து அன்றைய தகவல் இறங்குவதற்காகத் தன் அறையில் காத்திருந்தவள் சைரன் கேட்டு ஓடி வந்து, கார்டு தேய்க்காமல் அவசரச் சாவியால் திறந்திருக்கிறாள். நான் நடைபாதையில் விழுந்தேன். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வெளிப்போர்டைப் பார்த்தாள். உள்ளே: 1.

"உள்ள இன்னும் யாரு?"

"யாருமில்லம்மா. நான் மட்டும்தான்."

"உங்க கார்டு எங்க?"

"ரெண்டு கார்டையும் தேச்சுட்டு சகலை எடுத்துட்டுப் போனான்."

அவள் முகம் வெளுத்தது. "பெரியவரே, அந்த போர்டு ஆளை எண்ணாது. கார்டைத்தான் எண்ணும். ரெண்டும் வெளிய போயிருந்தா அப்பவே சைபர் காட்டியிருக்கணும். காட்டியிருந்தா..."

கேஸ் திறந்திருக்கும். எனக்குப் புரிந்தது.

தீயணைப்புக்காரர்கள் அறையைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஆள் இல்லை.

7.05-க்கு சகலை வந்தான். கையில் டீ இல்லை. குளித்த தலை ஈரம் காயவில்லை. வீட்டில் இருந்திருக்கிறான். தீயில் மாட்டியவனைப் பார்த்தால் என்ன கேட்பார்கள்? உசிரோட இருக்கியா என்பார்கள். இவன் கேட்டது இது:

"போர்டு எத்தனை காட்டுச்சு?"

டாக்டர் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னாடி இருந்த ஏசிக்காரர் விஷயத்தை இவர் சொல்லலையா? இவர்தான் அவரையும் சேத்துவிட்டார். மூணு வருஷம் ஆச்சு. அன்னைக்கும் லீவு நாள். அவர் உள்ள இருக்கறப்பவே போர்டு சைபர் காட்டி, கேஸ் திறந்துக்கிச்சு. மாரடைப்புன்னு சொன்னாங்க. பாவம், குண்டா இருப்பார். எங்க போனாலும் இரைச்சுக்கிட்டே போவார்."

நான் சகலையின் சட்டையைப் பிடித்தேன்.

"ரோட்டுல விழுந்தான்னு சொன்னியேடா," என்றேன்.

சகலை தரையைப் பார்த்தான். "வெளிய தூக்கிட்டு வந்தப்ப உசிர் இருந்துச்சு சகலை..."

அவ்வளவுதான் சொன்னான். இவன்தான் என் தோளில் சாய்ந்து அழுதவன். மச்சினன் செத்த அதே அறைக்குள் என்னை விட்டு, அதே கார்டு வேலையைச் செய்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான்.

விசாரணை வைத்தார்கள். மெஷின் கோளாறு என்று முடித்தார்கள். எனக்கு அது ஆச்சரியமில்லை. நான் வேலையை விட்டேன். அவன் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை. அவன் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறான்.

போன மாதம் டாக்டரைக் கடைத்தெருவில் பார்த்தேன். போர்டை இரண்டு தடவை புதிதாக மாற்றிவிட்டார்களாம். காலி அறைக்கும் 1 என்றே காட்டுகிறதாம்.

"எனக்குப் பழகிடுச்சு," என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "ஒண்ணு மட்டும்தான் புரியல. புது போர்டைப் பாக்க உங்க சகலையை மேலதிகாரி உள்ள போகச் சொன்னார். மாட்டேன்னு அழுதார். கட்டாயப்படுத்தி அனுப்பினாங்க. நான் வெளிய நின்னேன். கார்டு தேச்சார், போனார், கதவு மூடிச்சு. 1 இருந்தது 2 ஆகணும் இல்லையா?"

"ஆகலையா?"

"சைபர் ஆச்சு."

அவன் அலறியடித்துக்கொண்டு வெளியே வந்தானாம். கதவு மூடியதும்... மறுபடி 1.